சுவரை இடிக்கும் முன்: பழைய வீடும் நம் பொறுப்பும்

மனிதனுக்குத் தான் வழங்கிய அருட்கொடைகளை நினைவூட்டும் இடத்தில், இல்லங்களை அமைதி பெறும் இடமாக ஆக்கியிருப்பதையும் அல்லாஹ் திருக்குர்ஆனில் குறிப்பிடுகிறான் (16:80). பயணத்தில் எளிதாகச் சுமந்து செல்லும் தோல் கூடாரங்களையும் அதே வசனம் அந்த அருட்கொடையோடு சேர்த்தே சொல்கிறது. வீட்டின் பரப்பு, உயரம், அழகு ஆகியவற்றை அது பேசவில்லை, அமைதியைப் பேசுகிறது. எனவே, ஒரு முஸ்லிம் குடும்பம் தன் பழைய வீட்டைப் புதுப்பிக்க முனையும்போது கேட்க வேண்டிய கேள்வி ஒன்றே: இந்த வேலை முடிந்த பின் இவ்வீட்டில் வாழ்வோரின் அமைதி கூடுமா, குறையுமா?

இக்கேள்வியை இப்போது எழுப்பக் காரணம் உண்டு. அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லி வட்டாரங்களில் நம் குடும்பங்கள் வாழும் வீடுகளில் கணிசமானவை முதுமையடைந்துவிட்டன. ஆவடியில் 1961இல் கனரக வாகனத் தொழிற்சாலை அமைந்தது. அதே பத்தாண்டில் அம்பத்தூர் தொழிற்பேட்டையும் உருவாயிற்று. இவற்றிலும் இவற்றைச் சார்ந்த பட்டறைகளிலும் வேலை பெற்றவர்கள் அரை கிரவுண்டு, ஒரு கிரவுண்டு மனைகளை வாங்கி, வருங்கால வைப்பு நிதியிலிருந்து எடுத்த பணத்தாலும் மனைவியின் நகையை விற்ற பணத்தாலும் தரைத்தள வீடுகளை எழுப்பினார்கள். பூந்தமல்லியோ அவற்றினும் பழமையான ஊர். அங்கே தேக்குக் கட்டைகளின் மேல் செங்கல்லைச் செங்குத்தாக அடுக்கிச் சுண்ணாம்புக் கலவையால் பிணைத்த மெட்ராஸ் டெரஸ் கூரைகளை இன்றும் காணலாம்.

கட்டியவர்கள் ஒவ்வொருவராக விடைபெற்று, மக்களும் பேரர்களும் அவ்வீடுகளில் வாழ்கின்றனர். கூரை ஒழுகுகிறது, சுவரில் ஈரம் ஏறுகிறது, குளிர்சாதனப் பெட்டியையும் நீர்ச்சூடேற்றியையும் கனவிலும் எண்ணாத காலத்தில் இழுத்த மின்கம்பிகள் சுமை தாங்காமல் சூடாகின்றன. பழைய பரப்பைச் சுரண்டாமல் அதன் மேலேயே மீண்டும் மீண்டும் தார் போட்டதால் தெரு உயர்ந்து, ஒருகாலத்தில் மூன்று படி ஏறிச் சென்ற வாசல் இன்று தெருவுக்குக் கீழே கிடக்கிறது. பழைய மேற்பரப்பை எடுத்துவிட்டே புதிய சாலை போட வேண்டும் என்று 2021இல் தலைமைச் செயலர் வெ. இறையன்பு அறிவுறுத்தினார், ஆயினும் அதற்கு முன்பே தாழ்ந்துபோன வீடுகள் தாழ்ந்தே இருக்கின்றன. 2015 டிசம்பர் பெருமழையிலும் 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலிலும் அந்தத் தாழ்வு என்ன செய்யும் என்பதை இப்பகுதி மக்கள் கண்டார்கள்.

இந்நிலையில் நம் முன் மூன்று வழிகள் வைக்கப்படுகின்றன. அடுக்குமாடி கட்டுவோரிடம் மனையை ஒப்படைப்பது ஒன்று. வங்கிக் கடன் பெற்று இடித்துக் கட்டுவது மற்றொன்று. இருக்கும் வீட்டையே, இயன்றவரை நம் கைகளால், ஆண்டுக்கு ஒரு வேலையாகச் சீர்செய்வது மூன்றாவது. கட்டடம் தாங்காது என்று பொறியாளர் உறுதியாகச் சொல்லிவிட்ட வீட்டைப் பற்றி நாம் இங்குப் பேசவில்லை. அதை இடிப்பதே உயிருக்குப் பாதுகாப்பு. மற்ற வீடுகளுக்கு மூன்றாவது வழியே நம் குடும்பங்களுக்கு உகந்தது என்பது நம் கருத்து. அதற்கும் சில நிபந்தனைகள் உண்டு.

வட்டியில்லா வழி மெதுவான வழியே

வீட்டுச் சீரமைப்புக்கென்றே வங்கிகள் கடன் தருகின்றன. தரைக்கற்கள் முதல் சமையலறை அலமாரிகள் வரை எல்லாம் மாதத் தவணையில் கிடைக்கின்றன. வட்டி ஹராம் என்பதை அறியாதவர் நம்மில் இல்லை. எனினும், "இக்காலத்தில் வேறு வழியில்லை" என்னும் சொல் நம் நாவில் எளிதாக வந்துவிடுகிறது. வேறு வழி உண்டா என்பதைக் கணக்கிட்டுப் பார்த்துவிட்டுத்தான் அப்படிச் சொல்கிறோமா?

எடுத்துக்காட்டாக, 5 இலட்சம் ரூபாயை ஆண்டுக்கு 10 விழுக்காடு வட்டியில் 10 ஆண்டுத் தவணைக்குப் பெற்றால், மாதந்தோறும் சுமார் 6,600 ரூபாய் கட்ட வேண்டும். கடன் தீரும்போது ஏறத்தாழ 7 இலட்சத்து 93 ஆயிரம் ரூபாய் கட்டியிருப்போம். வட்டி மட்டும் 2 இலட்சத்து 93 ஆயிரம். அதே 6,600 ரூபாயை மாதந்தோறும் தனியே எடுத்து வைத்தால், ஆண்டுக்கு 79 ஆயிரம் ரூபாய் சேரும். ஆறு ஆண்டு நான்கு மாதங்களில் 5 இலட்சம் நிறைந்துவிடும். கடன் தீர்வதற்கு மூன்றரை ஆண்டுகளுக்கு மேல் முன்னதாகவே வேலை முடியும். இடையில் பொருள்களின் விலை உயரும் என்பது உண்மை. ஆனால் அந்த உயர்வில் ஒரு பகுதியை நம் கையுழைப்பால் ஈடுகட்டலாம். வட்டிப் பாவத்தை எதனாலும் ஈடுகட்ட இயலாது.

நம் வீட்டு வேலையை நாமே செய்வது தகுதிக் குறைவு என்று எண்ணுவோரும் உளர். நபி (ஸல்) அவர்கள் இல்லத்தில் தம் குடும்பத்தாரின் பணிகளில் ஈடுபட்டிருந்ததை அன்னை ஆயிஷா (ரலி) அறிவிக்கிறார்கள் (புகாரி). மதீனாவில் பள்ளிவாசல் எழுந்தபோது தோழர்களோடு சேர்ந்து செங்கல் சுமந்தவர்களும் அவர்களே. தாவூத் (அலை) அவர்கள் தம் கையுழைப்பிலிருந்தே உண்டதாக நபிமொழி உண்டு. விடுமுறை நாளில் தந்தையும் மகனும் சேர்ந்து சுவரைச் சுரண்டிப் பட்டி பார்த்து வண்ணம் பூசினால், மிச்சமாவது கூலி மட்டுமன்று. தாத்தா எங்கிருந்து செங்கல் வாங்கினார், எந்த ஆண்டு மாடிப்படி கட்டினார் என்னும் கதைகள் அந்த வேளையில்தான் பிள்ளைகளின் காதில் விழுகின்றன.

எந்த வேலை முதலில்?

பெரும்பாலோர் கண்ணுக்குத் தெரிவதிலிருந்து தொடங்குகின்றனர். ஒழுகும் கூரையின் கீழே அழகிய பொய்க்கூரை அமைக்கின்றனர். ஈரமேறிய சுவரின் மேல் விலையுயர்ந்த வண்ணம் பூசுகின்றனர். இரண்டே மழைக்காலங்களில் இரண்டும் கெடுகின்றன. பழைய கான்கிரீட் கூரையில் பூச்சு உதிர்ந்து கம்பி தெரிந்தால், அது மேற்பூச்சுக் குறையன்று. காற்றும் ஈரமும் நெடுங்காலம் ஊடுருவியதால், கம்பியைக் காத்து நின்ற கான்கிரீட்டின் காரத்தன்மை குறைந்து கம்பி துருப்பிடித்திருக்கிறது. துரு, இரும்பைவிட அதிக இடத்தைப் பிடிக்கும். ஆகவே அது சுற்றியுள்ள கான்கிரீட்டைப் பிளந்து தள்ளுகிறது. அதன் மேல் சிமெண்டு பூசி மூடுவது புண்ணைக் கழுவாமல் கட்டுப் போடுவதற்கு ஒப்பானது. அதன் கீழேதான் நம் குழந்தைகள் உறங்குகின்றனர்.

ஆகவே வரிசை இவ்வாறு இருப்பது நலம்: முதலில் கூரை, அடுத்து தண்ணீரும் வடிகாலும், பின்னர் மின்சாரம், அதன்பின் முதியோருக்கேற்ற கழிப்பறை, பிறகு சமையலறை, கடைசியாக வண்ணம். விருந்தினர் கடைசியில் செய்ததைத்தான் முதலில் காண்பார்கள். வீட்டாருக்கோ முதலில் செய்ததுதான் நாள்தோறும் பயன்படும்.

இவற்றுள் நம் கையால் செய்யத் தக்கவை பல. மொட்டை மாடியைக் கழுவி வெள்ளைச் சுண்ணாம்பு அடித்தால் கோடையில் அறைகளின் வெம்மை குறையும். மழைநீர் இறங்கும் குழாய்களின் அடைப்பை நீக்கலாம். 2003இல் தமிழகமெங்கும் கட்டாயமாக்கப்பட்டபோது அமைத்து, பின்னர் மறந்துபோன மழைநீர்ச் சேகரிப்புத் தொட்டியின் மணலையும் ஜல்லியையும் எடுத்துக் கழுவிப் போடலாம். சொட்டும் குழாய்க்கு வாஷர் மாற்றலாம். கழிப்பறைச் சுவரில் மூத்தோர் பற்றி எழக் கைப்பிடி பொருத்தலாம். முழங்கால் வலியால் நின்று ஒளூச் செய்ய இயலாத பாட்டிக்குத் தாழ்வான இருக்கையும் அதன் எதிரே ஒரு குழாயும் அமைக்கலாம். நபி (ஸல்) அவர்கள் ஒரு முத்து அளவு, அதாவது முக்கால் லிட்டருக்கு மேற்படாத நீரில் ஒளூச் செய்ததாக ஹதீஸ்களில் காண்கிறோம். நீர் மெல்ல வரும் குழாயைத் தேர்ந்தெடுப்பதும் அந்தச் சுன்னத்தைப் பேணத் துணை செய்யும்.

சமையலறையைப் பற்றி ஒரு சொல். பழைய வீடுகளில் மிக இருண்ட, மிகச் சிறிய அறை அதுவாகவே இருக்கும். அங்கே பொழுதைக் கழிக்கும் பெண்ணிடம் கேட்காமல், கடையில் ஆண்கள் தேர்ந்தெடுத்த வடிவத்தை அங்கே பொருத்துவது முறையாகாது. சன்னல் எங்கே வேண்டும், மேடை எவ்வளவு உயரம் வேண்டும் என்பதை அவரே சொல்லட்டும்.

கிப்லாவையும் மறக்கலாகாது. சென்னையிலிருந்து கிப்லா நேர்மேற்கு அன்று. மேற்கிலிருந்து ஏறத்தாழ 18 பாகை வடக்கே சாய்ந்தது. மலஜலம் கழிக்கும்போது கிப்லாவை முன்னோக்கவோ பின்னோக்கவோ கூடாது என்று நபிமொழி உண்டு. கட்டடத்தின் உள்ளே அது விலக்கப்பட்டதா என்பதில் ஷாஃபிஈ, ஹனஃபி மத்ஹபுகளிடையே கருத்து வேறுபாடு உண்டு. ஆயினும் புதிதாகப் பீங்கான் பதிக்கும்போது அதை வடக்கு தெற்காகத் திருப்பி வைக்கக் கூடுதல் செலவு பெரிதாக ஆகாது. பதித்த பின்போ பெயர்த்தெடுக்க வேண்டியிருக்கும். இதைத் தொழிலாளியிடம் முதல் நாளே சொல்லிவிடுவது நல்லது.

கை எங்கே நிற்க வேண்டும்?

மருத்துவம் அறியாத ஒருவன் மருத்துவம் பார்த்துத் தீங்கு நேர்ந்தால், அவனே அதற்குப் பொறுப்பாளி என்று நபி (ஸல்) அவர்கள் கூறியதாக அபூதாவூதில் ஒரு ஹதீஸ் உள்ளது. அறியாத தொழிலில் கைவைப்போர் அனைவரும் இதிலிருந்து பாடம் பெறலாம். நாமே செய்வது நற்செயல்தான். அறியாததை நாமே செய்வது அவ்வாறன்று.

இணையக் காணொளிகளைப் பார்த்து இன்று பலர் துணிவு பெறுகின்றனர். அமெரிக்காவில் ஒருவர் சம்மட்டியால் அரை மணி நேரத்தில் அறைச்சுவரைத் தகர்த்து, கூடத்தை விரிவாக்குவதை அவற்றில் காண்கிறோம். அங்குள்ள வீடுகளில் பெரும்பாலானவை மரச்சட்டங்களால் ஆனவை. அறைகளைப் பிரிக்கும் பல சுவர்கள் மரச்சட்டத்தின் மேல் பலகை பொருத்தியவை. நம் பகுதியின் பழைய வீடுகளில் தூண்களே இல்லை. ஒன்பது அங்குலச் செங்கற்சுவரே கூரையைச் சுமக்கிறது. கூடத்தைப் பெரிதாக்க அதை இடிப்பவர் தம் தலைமேல் உள்ள கூரையின் காலை வெட்டுகிறார். நாலரை அங்குலச் சுவர் என்றாலும் அதன் மேல் பரணோ உத்தரமோ அமர்ந்திருக்கலாம். எந்தச் சுவராயினும் பொறியாளர் ஒருவர் நேரில் கண்டு சொல்லாமல் கைவைக்கக் கூடாது.

மாடி எழுப்புவதும் அத்தகையதே. இரண்டாம் மகனுக்குத் திருமணம் நிச்சயமானவுடன் மேலே இரண்டு அறை போடும் பழக்கம் நம்மிடம் உண்டு. கீழே உள்ள அடித்தளம் ஒரு தளத்துக்கு மட்டும் போடப்பட்டதாக இருக்கலாம். மனைப்பிரிவாக மாறுவதற்கு முன் ஏரிப் பாசன வயலாக இருந்த களிமண் நிலமாயின், மழையில் உப்பி வெயிலில் சுருங்கும் அதன் இயல்பையும் கணக்கில் கொள்ள வேண்டும். பரப்பைக் கூட்டும் எந்த வேலைக்கும் உள்ளாட்சி அமைப்பின் அனுமதியும் தேவை. தாழ்ந்த வீட்டை ஜாக்கிகளால் தூக்கி உயர்த்தும் முறையும் இப்போது பரவியுள்ளது. கட்டடத்தின் நிலையை ஆராயாமல், விலை மலிவு என்பதற்காக மட்டும் யாரிடமும் அதை ஒப்படைக்கலாகாது.

பூந்தமல்லி போன்ற இடங்களில் சுண்ணாம்பால் கட்டிய வீடு வைத்திருப்போருக்கு ஒரு சொல். சுண்ணாம்புச் சுவர் தன்னுள் புகுந்த ஈரத்தை வெளியே விடும் இயல்புடையது. அதன் மேல் கெட்டியான சிமெண்டைப் பூசினால் ஈரம் உள்ளேயே சிறைப்பட்டு, சுவர் விரைவில் நொறுங்கும். அதற்குச் சுண்ணாம்பு வேலை அறிந்த கொத்தனாரையே தேட வேண்டும்.

கண்ணுக்குத் தெரியாத தீங்குகளும் உள்ளன. இந்தியாவில் வீட்டு வண்ணங்களில் ஈயத்தின் அளவைக் கட்டுப்படுத்தும் விதி 2017 நவம்பரில்தான் நடைமுறைக்கு வந்தது. அதற்கு முன் சன்னல் கம்பிகளிலும் கதவுகளிலும் பூசிய எனாமல் வண்ணத்தில் ஈயம் மிகுந்திருக்கலாம். உப்புத்தாள் கொண்டு உலர்வாகத் தேய்த்தால் அந்தத் தூசு பரவும். ஈயம் குழந்தைகளின் மூளை வளர்ச்சியைப் பாதிக்கும். ஈரப்படுத்தித் தேய்ப்பதும், முகக்கவசம் அணிவதும், சிறுவரையும் கருவுற்ற பெண்களையும் அன்று வேறிடத்தில் தங்கவைப்பதும் கட்டாயம். பின்கட்டில் உள்ள பழைய ஆஸ்பெஸ்டாஸ் தகடும் அப்படியே. அதன் எல்லா வகைகளும் புற்றுநோய் விளைவிப்பவை என உலக சுகாதார நிறுவனம் அறிவித்துள்ளது. அதை உடைப்பதோ, அறுப்பதோ, துளையிடுவதோ வேண்டா.

மின்சாரத்தில் கைவைப்பது உரிமம் பெற்ற எலெக்ட்ரீஷியனின் வேலை. பழைய பீங்கான் ஃபியூஸ் கட்டையை எடுத்துவிட்டு, 30 மில்லி ஆம்பியர் கசிவிலேயே மின்சாரத்தைத் துண்டிக்கும் பாதுகாப்புக் கருவியைப் பொருத்தச் சொல்லுங்கள். நில இணைப்பு வேலை செய்கிறதா என்று சோதிக்கச் சொல்லுங்கள். உறங்கும் முன் விளக்கை அணைத்துவிடுமாறு நபி (ஸல்) அவர்கள் பணித்தார்கள். எலி திரியை இழுத்துச் சென்று வீட்டாரை எரித்துவிடக் கூடும் என்று அதற்குக் காரணமும் கூறினார்கள் (புகாரி). எண்ணெய் விளக்கின் திரிக்கு அன்று காட்டிய அந்தக் கவனம், சுவருக்குள் ஓடும் நாற்பதாண்டுக் கம்பிக்கு இன்று உரியது. தடுப்பில்லாத மாடியில் உறங்குபவனுக்குப் பாதுகாப்புப் பொறுப்பு நீங்கிவிடுகிறது என்ற கருத்தில் அபூதாவூதில் மற்றொரு ஹதீஸ் உண்டு. நம் மொட்டை மாடிகளில் ஓரடி உயரமே உள்ள கைப்பிடிச் சுவர்கள் எத்தனை! வரவேற்பறைக்குப் புதிய சோபா வாங்குமுன் அதை மூன்றரை அடிக்கு உயர்த்துவது மார்க்கக் கடமையுணர்வு.

கழிவுநீர்த் தொட்டிக்குள் யாரையும் இறக்கவே கூடாது. நச்சு வாயு ஒரு மூச்சில் உயிரைப் பறிக்கும். மனிதரை அதில் இறக்குவதை 2013ஆம் ஆண்டுச் சட்டம் தடைசெய்துள்ளது. கூலி கொடுத்தோம் என்பது ஓர் உயிருக்கு விடையாகாது.

அண்டை வீடும் தெருவும் தொழிலாளியும்

அண்டை வீட்டார் தம் மரக்கட்டையை நம் சுவரில் பொருத்துவதைத் தடுக்க வேண்டாம் என்று நபி (ஸல்) அவர்கள் அறிவுறுத்தினார்கள் (புகாரி). நம் சுவரையே அவருக்குத் தரச் சொல்லும் மார்க்கத்தில் இருந்துகொண்டு, நம் மாடித் தண்ணீரை அவர் வீட்டுக்குள் இறக்குகிறோம். அவர் அறைக்கு நேரே சன்னல் திறக்கிறோம். வேலை தொடங்குமுன் அவர் கதவைத் தட்டி, எத்தனை நாள் சத்தம் இருக்கும் என்று சொல்லுங்கள். அவர் வேற்றுச் சமயத்தவராயின் இது இன்னும் முக்கியம். இஸ்லாத்தைப் பற்றி அவர் அறிவது நம் நடத்தை வழியேதான். மாடியில் வேலை செய்யும்போது, பக்கத்து வீட்டுப் பெண்கள் முற்றத்தில் இருப்பார்களாயின் குரல் கொடுத்துவிட்டு ஏறுவது நம் மரபு. கூலியாட்களுக்கும் அதைச் சொல்லிவையுங்கள்.

வீட்டை உயர்த்தியதும் வண்டி ஏறச் சாய்தளம் தேவைப்படுகிறது. அது மழைநீர் வடிகாலை மூடிக்கொண்டு தெருவில் நான்கடி நீள்கிறது. பிறர் நிலத்தில் ஒரு சாண் அநியாயமாக எடுத்தவனுக்கு மறுமையில் ஏழு பூமிகள் கழுத்தில் மாட்டப்படும் என்ற எச்சரிக்கையை நாம் குத்பாக்களில் கேட்டிருக்கிறோம். தெரு அனைவருக்கும் உரிய நிலம். இடிபாடுகளை இரவோடிரவாக ஏரிக்கரையிலோ காலி மனையிலோ கொட்டுவதும் அத்தகைய அநியாயமே. மேற்குப் புறநகரின் ஏரிகளும் அவற்றின் கால்வாய்களும் அடைபட்டால் அடுத்த மழையில் வெள்ளம் நம் வாசலுக்கே வரும். பாதையிலிருந்து இடையூற்றை அகற்றுவது ஈமானின் கிளை. அங்கே இடையூற்றைக் கொட்டுவதற்கு என்ன பெயர்?

சித்தாளாக வரும் பெண்ணுக்குக் கழிப்பறையும், மதிய வெயிலில் நிழலும், குடிக்க நல்ல நீரும் வீட்டுக்காரர் தர வேண்டியவை. வியர்வை உலருமுன் கூலி தர வேண்டும் என்பதைப் பிறருக்கு எடுத்துச் சொல்வதில் நாம் தாராளமானவர்கள். வேலை முடிந்த பின் "அடுத்த வாரம் வாருங்கள்" என்று மேஸ்திரியை அலையவிடுவதிலும் அதே தாராளம் தெரிகிறது.

இந்த வீடு யாருடையது?

இதுவரை சொன்னவை எல்லாம் செங்கல்லையும் சிமெண்டையும் பற்றியவை. நம் குடும்பங்களை உண்மையில் உடைப்பது வேறொன்று. புதுப்பிக்கப்படும் பழைய வீடுகளில் பல, இறந்துபோன தந்தையின் பெயரிலேயே இன்னும் இருக்கின்றன. பாகம் பிரிக்கப்படவில்லை. அங்கே குடியிருக்கும் ஒரு மகன் தன் சேமிப்பைப் போட்டுத் தளம் மாற்றுகிறான், சமையலறை கட்டுகிறான், மாடி எழுப்புகிறான். பத்து ஆண்டுகள் கழித்து ஒரு சகோதரி தன் பங்கைக் கேட்கிறாள். "இத்தனை இலட்சம் செலவழித்தவன் நான், அன்று எங்கே இருந்தாய்?" என்கிறான். அன்றோடு அந்த வீட்டில் பெருநாள் விருந்துக்கு உடன்பிறந்தார் கூடுவது நின்றுபோகிறது. வீடு புதிதாயிற்று, அமைதி இடிந்துபோயிற்று.

வாரிசுகளின் பங்கை அல்லாஹ்வே தன் வேதத்தில் வரையறுத்துள்ளான் (4:11, 4:12). இறந்தவரின் கடனும் மரண சாசனமும் நிறைவேறிய பின், மகனுக்கு இரண்டு பங்கு என்றால் மகளுக்கு ஒரு பங்கு. பிள்ளைகள் இருக்கும்போது மனைவிக்கு எட்டில் ஒன்று. நாட்டின் சட்டமும், 1937ஆம் ஆண்டின் ஷரீஅத் சட்டத்தின் வழியே, நமக்கு இந்த முறையையே ஏற்றுள்ளது. திருமணத்தின்போது செய்த சீரோ, பிரசவச் செலவோ மகளின் பங்கைத் தீர்த்துவிடாது. வெட்கத்தாலும் அண்ணன் வீட்டு உறவு அறுந்துவிடுமோ என்ற அச்சத்தாலும் "எனக்கு வேண்டாம்" என்று அவள் சொல்லும் சொல்லை மனமுவந்த விட்டுக்கொடுப்பாகக் கொள்ளத் தயங்க வேண்டும். "அம்மாவை எந்த அறையில் வைப்பது?" என்று பிள்ளைகள் கூடி ஆலோசிப்பதையும் கேட்கிறோம். அந்த வீட்டின் எட்டில் ஒரு பங்குக்கு அவரே உரிமையாளர். எந்த அறை வேண்டும் என்று அவரிடம் கேட்பதே முறை.

ஆகவே சுவரை இடிக்கும் முன் குடும்பம் ஒரு நாள் கூடி அமரட்டும். சகோதரிகளையும் அழையுங்கள், வெளிநாட்டில் இருப்பவரைத் தொலைபேசியில் இணையுங்கள். வீட்டின் இன்றைய மதிப்பை ஒருவரைக் கொண்டு கணித்து எழுதுங்கள். யார் செலவு செய்யப் போகிறார், அது அன்பளிப்பா, கடனா, பங்குக்கு ஈடா என்பதை எழுத்தில் வையுங்கள். கடன் கொடுக்கல் வாங்கலை எழுதிக்கொள்ளப் பணிக்கும் வசனமே (2:282) திருக்குர்ஆனின் மிக நீண்ட வசனம் என்பதை நினைவிற்கொள்வோம். எழுதுவது அவநம்பிக்கை ஆகாது, அது இறைக்கட்டளை. அனுமதியின்றி ஒருவர் செய்த செலவைத் திரும்பக் கேட்கலாமா என்பது போன்ற நுட்பமான வினாக்களுக்கு மஹல்லாவின் ஆலிமை அணுகுங்கள்; பத்திரப் பதிவுக்கு வழக்கறிஞரை நாடுங்கள். இதற்கு ஆகும் நேரமும் பணமும், பின்னாளில் நீதிமன்றத்தில் கழியும் ஆண்டுகளோடு ஒப்பிட்டால் மிகச் சிறியவை.

பாகம் பிரித்தால் குடும்பம் பிரிந்துவிடும் என்று அஞ்சுவோர் நம்மில் மிகுதி. நாம் காண்பது அதற்கு மாறானது. பிரிக்காமல் மூடிவைத்த பங்குகளே குடும்பங்களைப் பிரிக்கின்றன. தன் உரிமை இன்னதென்று தெளிவாக அறிந்த சகோதரி, வேண்டுமானால் மனமுவந்து விட்டுக்கொடுப்பாள். அல்லது அண்ணன் ஆண்டுக்கொரு தொகையாகத் தர ஒப்புக்கொள்வாள். இரண்டிலும் உறவு பிழைக்கும்.

எங்கே நிறுத்துவது?

கப்பாப் (ரலி) அவர்கள் ஒருமுறை தம் சுவரைக் கட்டிக்கொண்டிருந்தபோது, ஒரு முஸ்லிம் செய்யும் எல்லாச் செலவுக்கும் நற்கூலி உண்டு, இந்த மண்ணில் போடுவதைத் தவிர என்று கூறியதாகப் புகாரியில் காண்கிறோம். தேவைக்கு மேல் கட்டுவதைப் பற்றியே இது என்று அறிஞர்கள் விளக்கியுள்ளனர். தேவை எங்கே முடிகிறது, பகட்டு எங்கே தொடங்குகிறது என்பதை ஒவ்வொருவர் உள்ளமும் அறியும். உறவினர் வீட்டுத் தரையைப் பார்த்துவிட்டு நல்ல நிலையில் உள்ள நம் தரையைப் பெயர்க்கத் தோன்றினால், அங்கே நிறுத்திக்கொள்வது நலம்.

அப்துல்லாஹ் பின் அம்ர் (ரலி) அவர்கள் பழுதடைந்த தம் குடிலைச் சீர்செய்துகொண்டிருந்தபோது நபி (ஸல்) அவர்கள் அவ்வழியே வந்தார்கள்; மரணம் இதைவிட விரைந்து வரக்கூடியது என்ற கருத்தில் ஒரு சொல் சொன்னார்கள் (அபூதாவூத், திர்மிதீ). வேலையை நிறுத்துமாறு அவர்கள் கூறியதாக அந்த அறிவிப்பில் இல்லை. குடிலைச் சீர்செய்யும் கைக்கு, அந்தக் குடிலைவிட்டுப் போகும் நாள் நினைவில் இருக்க வேண்டும் என்பதே அதன் படிப்பினை.

நாமும் கூரையைச் சீர்செய்வோம். கைப்பிடிச் சுவரை உயர்த்துவோம். உடன்பிறந்தாளின் பங்கை எழுதிக் கொடுப்போம். வட்டியின்றி, அண்டை வீட்டாரின் மனம் நோகாமல், தொழிலாளியின் கூலி நிலுவையின்றி, நம் இல்லங்களை அமைதியின் இடமாக்க அல்லாஹ் நமக்கு அருள்புரிவானாக. ஆமீன்.